பருவநிலை மாற்றமும் வேளாண்மையும்: சொற்போருக்கு ஆயத்தமாவது எப்படி

பருவநிலை மாற்றம் என்று தலைப்பு வந்துவிட்டால் பல குழுக்கள் உடனே துருவக் கரடியைத் தேடிப் போகின்றன. பினாங்கில் படிக்கும் மாணவர்களுக்கு அது தேவையே இல்லை. பாலத்தைக் கடந்து கெப்பாலா பத்தாஸ், பெனாகா பக்கம் போனால் நெல் வயல். சுங்கை மூடாவைத் தாண்டினால் கெடாவின் மூடா நெற்களஞ்சியம். தீவுக்குள்ளேயே பாலிக் பூலாவில் டுரியான் தோப்பு. உள்ளூர் ஆதாரம் இருக்கும்போது நடுவரும் அவையும் எளிதில் சரிபார்க்க முடியாத தூரத்துக் கதையைச் சொல்வது குழுவின் வாதத்தை வலுவிழக்கச் செய்யும்.

இங்கே சொல்வதெல்லாம் ஓர் அணிக்கு மூன்று பேச்சாளர், ஒருவருக்கு 7 நிமிடம், கடைசியில் 4 நிமிடத் தொகுப்புரை என்ற கணக்கில். உங்கள் போட்டியில் நேரம் வேறாக இருந்தால் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். முறை அதேதான்.

முதலில் ஏகாரத்தைப் பாருங்கள்

தலைப்புச் சீட்டு கைக்கு வந்ததும் இணையத்தைத் திறக்காதீர்கள். பென்சிலை எடுத்துத் தலைப்பில் உள்ள இடைச்சொற்களை வட்டமிடுங்கள். “அரிசி விலையேற்றத்துக்குப் பருவநிலை மாற்றமே காரணம்” என்பதும் “பருவநிலை மாற்றமும் காரணம்” என்பதும் ஒரே தலைப்பு அல்ல. இலக்கணப் பாடத்தில் படித்த பிரிநிலை ஏகாரமும் தேற்ற ஏகாரமும் இங்கேதான் உதவிக்கு வரும். பிரிநிலையாகக் கொண்டால் மற்ற எல்லாக் காரணத்தையும் ஒதுக்கி இது ஒன்றுதான் என்று ஆகிவிடும். அதை எந்த அணியாலும் மெய்ப்பிக்க முடியாது. தேற்றமாகக் கொண்டால், இது உறுதியான, முதன்மையான காரணம் என்ற அளவில் நிற்கும்.

ஒட்டிப் பேசும் அணியின் முதலாம் பேச்சாளர் முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்: “முதன்மைக் காரணம் என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறோம். மற்றக் காரணங்கள் உண்டு, ஆனால் அவை இதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன.” இதைச் சொல்லாமல் விட்டால் வெட்டிப் பேசும் அணி பிரிநிலையை எடுத்து உங்கள் கழுத்தில் மாட்டிவிடும். அதற்காக ஏகாரத்தை உம்மையாகக் கரைத்துவிடவும் கூடாது. “இதுவும் ஒரு காரணம்” என்ற அளவுக்கு இறங்கினால் எதிர்த்துப் பேச ஒன்றும் மிஞ்சாது. சொற்போரையே கொன்றுவிட்டீர்கள் என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், அது நியாயமும்கூட.

வெட்டிப் பேசும் அணிக்கு இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. “பருவநிலை மாற்றம் என்று ஒன்று இல்லவே இல்லை” என்று தொடங்குவது. அதைச் சொன்ன நிமிடமே தோற்றுவிட்டீர்கள், ஏனென்றால் அளவீடுகள் உங்களுக்கு எதிராக இருக்கின்றன. உங்களுக்கு அது தேவையும் இல்லை. “மாற்றம் உண்மை. ஆனால் இந்த விளைவில் அதன் பங்கைவிட மண் பயன்பாடு, வடிகால், ஆள் பற்றாக்குறை, வணிகக் கொள்கை ஆகியவற்றின் பங்கு பெரிது” என்பதே நீங்கள் நிற்க வேண்டிய இடம். அங்கே நிற்க நிறைய ஆதாரம் உண்டு.

நான்கு கண்ணிகள்

இந்தத் தலைப்பில் எழும் சண்டை முழுவதும் ஒரு சங்கிலியைப் பற்றியது. உலகம் சூடாகிறது, அது முதல் கண்ணி. சூடு வானிலையை மாற்றுகிறது, இரண்டாவது. வானிலை பயிரைத் தாக்குகிறது, மூன்றாவது. பயிர் குறைந்து விலையும் சாப்பாட்டுத் தட்டும் பாதிக்கப்படுகின்றன, நான்காவது. முதல் கண்ணிக்கு ஆதாரம் காட்டிவிட்டு நான்காவதை மெய்ப்பித்ததாக நினைப்பதுதான் பேச்சாளர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியும் எந்தக் கண்ணியைச் சேர்ந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். குறிப்புத் தாளின் ஓரத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டுப் பழகுங்கள்.

முதல் கண்ணிக்கு அரை நிமிடம் போதும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் ஏறத்தாழ 280 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 280 பங்கு) அளவில் இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கைப்படி 2011-லிருந்து 2020 வரையிலான பத்தாண்டு, 1850–1900 காலத்தைவிட 1.09 பாகை செல்சியஸ் வெப்பமானது. இவ்வளவு சொல்லி அடுத்ததற்குப் போங்கள். இதில் 3 நிமிடம் செலவழிப்பது, எதிரணி மறுக்காத ஒன்றுக்காக மல்லுக்கட்டுவது.

இரண்டாம் கண்ணியில் கவனம் வேண்டும். காற்று 1 பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். கனமழை இன்னும் கனக்க இது அடிப்படைக் காரணம். ஆனால் எல்லா வானிலை நிகழ்வுக்கும் ஒரே உறுதியோடு பேசக்கூடாது. கடும் வெப்பம் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் மிக வலு. கனமழைக்கு வலு. வறட்சிக்கு இடத்துக்கு இடம் மாறும். நம் வட்டாரத்தில் கடும் வறட்சி பெரும்பாலும் எல் நினோ ஆண்டுகளில் வருகிறது, எல் நினோ என்பது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு, இயற்கையாகவே வந்து போகும் ஒன்று. 1997–98, 2015–16, 2023–24 ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருங்கள். “எல் நினோவைப் பருவநிலை மாற்றம் உண்டாக்கியது” என்று சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். “ஏற்கெனவே சூடேறிய அடித்தளத்தின் மேல் எல் நினோ ஏறி உட்காருகிறது” என்றால் தப்பில்லை.

பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-இல் பதிவான 40.1 பாகைதான் மலேசியாவின் உச்சப் பதிவு. வெட்டிப் பேசுவோர் இதை விரும்பி எடுப்பார்கள்: “உலகம் சூடாகிறது என்றால் அந்தப் பழைய பதிவு ஏன் முறியவில்லை?” பதில் எளிது. ஒரு நிலையத்தில் ஒரு நாள் பதிவானது வானிலை. பருவநிலை என்பது 30 ஆண்டுச் சராசரி. உலக வானிலை அமைப்பு இப்போது 1991–2020 சராசரியை அளவுகோலாக வைத்திருக்கிறது. ஒரு நாளின் உச்சத்தை வைத்துச் சராசரியை மறுக்க முடியாது. ஆனால் அதே விதி உங்களையும் கட்டும். ஒரே ஒரு வெள்ளத்தைக் காட்டிப் பருவநிலை மாறிவிட்டது என்று நீங்களும் சொல்ல முடியாது.

அந்த வெள்ளம் எது என்று பினாங்கில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4, 5-இல் பெய்த மழையில் மாநிலமே மூழ்கியது, 7 பேர் இறந்தனர். இதை எப்படிச் சொல்வது? “பருவநிலை மாற்றம் அந்த மழையைக் கொண்டு வந்தது” என்று சொல்லாதீர்கள். “இப்படிப்பட்ட மழை வரும்போது சூடான காற்று அதற்குக் கூடுதல் நீரைக் கொடுக்கிறது” என்று சொல்லுங்கள். குன்றுச் சரிவில் கட்டடம், அடைபட்ட வடிகால், மழை நேரத்தில் கடல் ஏற்றம் என்று எதிரணி அடுக்கும்போது மறுக்காதீர்கள். வடிகால் எவ்வளவு நீரைக் கடத்தும் என்பது பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டியது, மழை மாறினால் அந்தக் கணக்கும் பிழையாகும் என்று அவர்கள் காரணத்தை உங்கள் காரணத்தோடு கட்டிவிடுங்கள்.

இங்கே சொல் சுத்தமும் வேண்டும். “வெப்ப அலை” என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். மலேசிய வானிலைத் துறைக்கு அதற்கு வரையறை உண்டு: தொடர்ந்து மூன்று நாளாவது அன்றாட உச்ச வெப்பம் 37-லிருந்து 40 பாகை. 35-லிருந்து 37 வரை இருந்தால் அது எச்சரிக்கை நிலைதான். ஒரு நாள் வெயிலை வெப்ப அலை என்று சொன்ன பேச்சாளரை இடைக்கேள்வியில் மடக்கிப் போடலாம்.

வயலில் என்ன நடக்கிறது

வெற்றி தோல்வி பெரும்பாலும் மூன்றாம் கண்ணியில் தீர்மானமாகிறது. பயிர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த அணி முன்னே போய்விடும்.

நெல்லுக்குப் பூக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அந்தச் சமயம் கதிருக்குள் வெப்பம் 35 பாகையைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றாலே மகரந்தம் கெட்டு மணி பிடிக்காமல் பதராகும். ஆனால் நெற்பூ காலையிலேயே விரிந்து நண்பகலுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். பிற்பகல் 3 மணிக்கு அலோர் ஸ்டாரில் 36 பாகை என்று நீங்கள் ஆதாரம் காட்டினால், “அது பூ மூடிய பிறகு வந்த வெப்பம்” என்று விவரம் தெரிந்த எதிரணி ஒரே வரியில் உடைத்துவிடும். ஆகவே நண்பகல் வெயிலைவிட இரவு வெப்பத்தைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு நல்லது. இரவு சூடாக இருந்தால் பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சுவாசத்தில் அதிகம் செலவழிக்கிறது. மணிக்குப் போய்ச் சேர வேண்டியது குறைகிறது.

இதற்கு அடிக்கடி காட்டப்படும் எண், பிலிப்பீன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிலையத்தின் வயலில் கண்டது. வறண்ட பருவத்தில் இரவுக் குறைந்தபட்ச வெப்பம் 1 பாகை கூடினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைந்தது. 2004-இல் வெளிவந்தது. இன்னொரு எண் 2017-இல் வந்த உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு: உலகச் சராசரி 1 பாகை கூடினால் நெல் 3.2 விழுக்காடு, கோதுமை 6, மக்காச்சோளம் 7.4 விழுக்காடு குறையும். ஒரே பேச்சில் 10-ம் 3.2-ம் வந்தால் அவையோர் குழம்புவர், எதிரணி மகிழும். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். முன்னது ஒரே பண்ணை, ஒரே பருவம், இரவு வெப்பம். பின்னது உலகம் முழுவதுக்கும். பின்னதைச் சொல்லும்போது ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொல்லுங்கள்: கரியமில வாயு கூடுவதால் வரும் நன்மை, புதிய விதை, உழவர் செய்யும் மாற்றம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காத எண் அது. நீங்கள் மறைத்தால் எதிரணி எடுத்துச் சொல்லும். அப்போது உங்கள் மற்ற எண்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

“கரியமில வாயு பயிருக்கு உணவுதானே” என்ற வாதம் கட்டாயம் வரும். அது பொய்யல்ல. நெல் போன்ற பயிர் அதிக வாயுவில் கூடுதலாக வளரும். மக்காச்சோளத்துக்கு அந்த ஆதாயம் மிகக் குறைவு. ஆனால் வாயுவைக் கூட்டி வயலில் வளர்த்துப் பார்த்த சோதனைகளில் அரிசியின் புரதம் சராசரியாக 10 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது, இரும்பும் துத்தநாகமும் குறைந்தன. மூட்டை நிறைகிறது, அரிசியில் சத்துக் குறைகிறது என்று ஒரு வரியில் சொல்லலாம்.

டுரியான் நல்ல எடுத்துக்காட்டு, அவைக்கு உடனே புரியும். மரம் பூக்க முன்னதாகச் சில வாரம் வறட்சி வேண்டும். பூத்தபின் அடைமழை பெய்தால் பூ உதிரும். பூ மாலையில் விரிந்து இரவில் வௌவால் வந்து மகரந்தம் சேர்ப்பதால் இரவு மழை இன்னும் கேடு. காய் பிடித்தபின் நீண்ட வறட்சி வந்தால் பிஞ்சு கொட்டும். ஆண்டு மொத்த மழை மாறாவிட்டாலும் மழை வரும் நேரம் மாறினாலே விளைச்சல் போய்விடும் என்பதைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

பால்மரத்தையும் (ரப்பர்) விட்டுவிடாதீர்கள், அவையில் இருக்கும் பெரியவர்களில் பலருக்குத் தோட்டம் தெரியும். விடியற்காலை மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டியபின் மழை வந்தால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பாலோடு தண்ணீர் சேர்ந்துவிடும். மழைநாள் கூடுவதென்றால் வெட்டு நாள் குறைவதென்று பொருள், கூலியும் அதோடு குறையும்.

செம்பனையில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வறட்சி வந்த மாதமே குலை குறையாது. வறட்சியில் மரம் ஆண் பூவை அதிகம் விடும், பெண் பூ கருகும். அதன் விளைவு ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை கழித்துத்தான் தெரியும். மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் 2015-இல் 1 கோடியே 99.6 லட்சம் டன், 2016-இல் 1 கோடியே 73.2 லட்சம் டன், ஏறத்தாழ 13 விழுக்காடு சரிவு. இதற்கு எல் நினோவே பெரிய காரணம். ஆனால் 2021-இலும் உற்பத்தி 1 கோடியே 81.2 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அதற்குக் கோவிட் காலத்தில் எல்லை மூடி, குலை வெட்ட ஆள் இல்லாமல் போனது முக்கியக் காரணம். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிப் பள்ளம். வெட்டிப் பேசும் அணிக்கு இது கையில் கிடைத்த ஆயுதம்: “விளைச்சல் சரிந்தது என்று மட்டும் காட்டாதீர்கள், ஏன் சரிந்தது என்று காட்டுங்கள்.” ஒட்டிப் பேசும் அணி இந்த இரண்டு ஆண்டுகளையும் தானே முதலில் பிரித்துச் சொல்லிவிட்டால் ஆயுதம் மழுங்கிவிடும்.

விலை என்ற நான்காம் கண்ணி

2023-ஐ நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1-இலிருந்து மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது, 36 விழுக்காடு. உள்ளூர் வெள்ளை அரிசிக்கோ கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 சென் என்ற உச்சவரம்பு. இடைவெளி விரிந்ததும் கடைகளில் உள்ளூர் அரிசிப் பைகள் கிடைப்பது அரிதானது. இதில் பருவநிலையின் பங்கு எவ்வளவு, ஏற்றுமதித் தடையின் பங்கு எவ்வளவு, விலைக் கட்டுப்பாட்டின் பங்கு எவ்வளவு? இரு அணியும் ஒரே நிகழ்வை எடுத்து எதிரெதிராகப் பேச முடியும், அதனால்தான் இது நல்ல ஆதாரம்.

2021 டிசம்பர் வெள்ளமும் அப்படித்தான். புள்ளிவிவரத் துறை கணக்கிட்ட மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட், அதில் வேளாண்மை 9 கோடியே 6 லட்சம், அதாவது 1.5 விழுக்காடு. “வேளாண்மைக்கு அடி சிறியது” என்று வெட்டிப் பேசுவோர் சொல்வர். ஒட்டிப் பேசுவோரின் பதில்: வெள்ளம் அந்த முறை ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா போன்ற குடியிருப்புகளைத்தான் பெரிதும் தாக்கியது. வீடும் வாகனமும் இருக்கும் கணக்கில் கீரைப் பாத்தியின் விகிதம் சிறிதாகத்தான் தெரியும், அந்தக் குடியானவருக்கு அது 100 விழுக்காடு.

“வேண்டும்” என்று முடியும் தலைப்பு

கொள்கைத் தலைப்பாக இருந்தால் செய்முறை தெரிய வேண்டும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நல்ல எடுத்துக்காட்டு. 30 செ.மீ. குழாயில் பாதியைத் துளையிட்டு மண்ணில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின்தான் மீண்டும் பாய்ச்சுவார்கள். பூக்கும் காலத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். தண்ணீர் 30 விழுக்காடு வரை மிச்சம், தேங்கிய நீரில் உண்டாகும் மீத்தேன் வாயுவும் வெகுவாகக் குறையும். எதிரணி கேட்க வேண்டிய கேள்வி இது: பல வயலுக்குச் சேர்த்து ஒரே வாய்க்காலில் நீர் விடும் இடத்தில் தனி உழவர் எப்படி நினைத்தபோது அடைத்துத் திறப்பார்? ஒட்டிப் பேசும் அணியிடம் அதற்கு விடை இருக்கட்டும். சேமித்த நீர் யாருக்கு என்பதும் நம் ஊர்க் கேள்வி. பினாங்கின் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, அதே ஆற்று நீர் வயலுக்கும் வேண்டும்.

பேச்சைப் பிரிப்பது

முதலாம் பேச்சாளர் வரையறையையும் கண்ணி 1, 2-ஐயும் எடுக்கட்டும். இரண்டாமவர் 3, 4. மூன்றாமவர் புதுக் கருத்து கொண்டு வராமல் மறுப்பும் எடைபோடுவதும் மட்டும் செய்யட்டும். மேடைத் தமிழில் நிமிடத்துக்கு 90-லிருந்து 100 சொல்தான் தெளிவாக வரும். ஆகவே 7 நிமிடத்துக்கு 700 சொல் எழுதாதீர்கள். 550 எழுதி, மிச்சத்தை மறுப்புக்கும் இடைக்கேள்விக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முழுதும் மனனம் செய்தவர் முதல் இடைக்கேள்வியிலேயே நூல் அறுந்து நிற்பார்.

எண்களை அட்டையில் எழுதுங்கள், ஓர் அணிக்கு 12 அட்டை போதும். முன்பக்கம் எண், அலகு, இடம், ஆண்டு, அளந்தவர். பின்பக்கம் எதிரணி இதை எப்படித் தாக்கும் என்று ஒரு வரி. பின்பக்கம் காலியாக இருக்கும் அட்டையை மேடைக்குக் கொண்டு போகாதீர்கள். எண்ணைக் காதுக்குப் புரியும்படி மாற்றவும் வேண்டும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். 100 மி.மீ. பெய்தால் 105-க்கு 68 மீட்டர் காற்பந்துத் திடலில் 7 லட்சம் லிட்டருக்கு மேல். இப்படிச் சொன்னால் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும்.

மறுப்பு எழுதும் தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: அவர்கள் சொன்னது, எந்தக் கண்ணி, நம் பதில். நடுப்பத்தியை நிரப்பும்போதே பாதி மறுப்பு கிடைத்துவிடும். கேமரன் மலையில் 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கை அணை நீர் மூழ்கடித்ததை ஓர் அணி பருவநிலைக்கு ஆதாரமாகச் சொல்கிறது என்று வையுங்கள். அங்கே காடழித்ததால் ஆறும் அணையும் வண்டல் சேர்ந்து மேடிட்டிருந்தன, அணை திறக்கப்பட்டது. “நீங்கள் காட்டியது நிலத்தைப் பாழாக்கியதன் ஆதாரம், இரண்டாம் கண்ணிக்கு அல்ல” என்று 15 வினாடியில் முடித்துவிடலாம்.

இரண்டு வாரம் கிடைத்தால் முதல் நான்கு நாள் அட்டை, அடுத்த மூன்று நாள் எழுத்து, மீதி நாள் முழுக்கப் பேசிப் பழக்கம். அதில் பாதி நாள் எதிரணியின் இடத்தில் நின்று பேசுங்கள். உங்கள் வாதத்தின் ஓட்டை அங்கிருந்துதான் தெரியும்.

வெள்ளத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் குரல் உயர்த்திக் கைதட்டலுக்காகச் சொல்லாதீர்கள். அந்த வீட்டுக்காரர் அரங்கில் இருக்கக்கூடும். தேவைப்பட்ட இடத்தில் ஒரு முறை, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்.

தொகுப்புரையின் 4 நிமிடத்தில் புதிய எண் ஒன்றும் வரக்கூடாது. முதல் நிமிடத்தில் எந்தக் கண்ணியில் இரு அணியும் ஒத்துப்போயின என்று சொல்லிவிடுங்கள். அடுத்த இரண்டு நிமிடத்தில் பிளவுபட்ட ஒரே கண்ணியை மட்டும் எடுத்து, அங்கே யார் ஆதாரம் கனமானது என்று ஒப்பிடுங்கள். கடைசி நிமிடத்தில் முதலாம் பேச்சாளர் கொடுத்த ஏகாரத்தின் பொருளுக்குத் திரும்பி, அந்தப் பொருளில் தலைப்பு நின்றதா விழுந்ததா என்று சொல்லி, மணி அடிப்பதற்குள் அமருங்கள்.